வன்னியில் ஒரு கத்தோலிக்க ஊரின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: மன்னார்ப் பெருநிலப்பரப்பில் ஒரு சிறு குளத்தை அண்டிய கத்தோலிக்கக் கிராமம். அடுத்த வருடத் திருவிழாவுக்கு ஊர் வரலாற்றோடு ஒரு நினைவு மலர் அச்சிடுகிறீர்கள். ஊரில் ஒரு பகுதியார் "சவேரியார் காலத்திலேயே வேதத்தில் சேர்ந்தவர்கள் நாங்கள்" என்கிறார்கள். மற்றப் பகுதியார் கோயில் முகப்பில் பொறித்த 1911ஐக் காட்டி, அதற்கு முந்தி இங்கே காடுதான் என்கிறார்கள். பங்குப் பதிவேடுகள் இடப்பெயர்வில் போய்விட்டன. யார் சொல்வது சரி, கூத்தையும் திருவிழா முறையையும் வரலாறு என்று சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. இந்த இடத்தில் ஆட்கள் எப்போது குடியேறினார்கள், அவர்களுடைய முன்னோர் எப்போது ஞானஸ்நானம் பெற்றார்கள், இப்போது நிற்கும் கோயில் எப்போது எழுந்தது. மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு காலம் வரலாம். வன்னியில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஊரில் இரண்டு பகுதியாரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க இடமுண்டு.

அப்போது தென்னிந்தியாவில் வேதம் போதித்த புனித பிரான்சிஸ் சவேரியார் விடயத்தை முதலில் தீர்த்துவிடலாம். 1544இல் மன்னாரில் இருந்து அழைப்புப் போனபோது அவர் தாமே வரவில்லை, தம் சார்பில் ஒரு குருவை அனுப்பினார். அந்தக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களை அதே வருடம் யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்தான். 600 முதல் 700 பேர் வரை என்று பழைய எழுத்துகள் சொல்கின்றன. இவ்வளவும் உறுதியானது. அவர்கள் இறந்த இடம் தோட்டவெளி என்பது மரபு. அங்கே வேதசாட்சிகளுக்கு ஆலயமும் இருக்கிறது. ஆனால் இது மன்னார்த் தீவின் கதை. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டிய பிறகுதான் தீவுக்கு எதிரே பெருநிலப்பரப்பில் உள்ள மாதோட்டக் கரையில் கோயில்கள் நிலையாக எழத் தொடங்கின. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தபோது கூட வந்த போதகர் பல்தேயு 1672இல் வெளியிட்ட நூலில் மாதோட்டத்துக் கோயில்களைப் பெயர் சொல்லி விபரிக்கிறார். உங்கள் ஊரின் பெயர், அல்லது அதை அண்டிய பழைய ஊரின் பெயர், அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பெரிய சான்று. இல்லாவிட்டால் எதிர்ச்சான்று ஆகிவிடாது. அவர் கோயிலும் பள்ளியும் இருந்த இடங்களைத்தான் எழுதினார், ஒவ்வொரு குடியிருப்பையும் அல்ல.

1658க்குப் பிறகு நிலைமை முற்றாக மாறுகிறது. கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. கோயில்கள் சீர்திருத்த சபையின் கைக்குப் போயின. விவாகமும் முதுசமும் (பரம்பரைச் சொத்தும்) சட்டப்படி செல்ல வேண்டுமென்றால் ஒல்லாந்தப் பள்ளித் தோம்பில் (பெயர்ப் பதிவேட்டில்) பெயர் இருக்க வேண்டும். பகலில் தோம்பில் சீர்திருத்தக்காரர், இரவில் செபமாலை என்று வாழ்ந்த குடும்பங்கள் அந்தக் காலத்தில் ஏராளம். ஆகவே முன்னோர் பெயரை ஒல்லாந்தப் பதிவில் கண்டால் "அப்போது கத்தோலிக்கர் இல்லை" என்று முடிவு கட்டக்கூடாது. 1670இல் மாந்தையில் இருந்து 20 குடும்பங்கள் மாதாவின் சுருவத்தை (திருச்சிலையை) தூக்கிக்கொண்டு, இன்று மடுத் திருத்தலம் உள்ள மருதமடுக் காட்டுக்குப் போனதாக மடுவின் மரபு சொல்கிறது. 1687இல் யூசே வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தில் இறங்கிய பிறகு கோவாவில் இருந்து வந்த குருமார் மறைந்து திரிந்து திருவருட்சாதனங்களைக் கொடுத்தார்கள். 1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார்கள். இந்த 148 வருடத்தில் வன்னிக் காட்டோரத்தில் வெளிப்படையான கற்கோயிலை எதிர்பார்க்க முடியாது. 1544இல் இருந்து இன்றுவரை அறுபடாமல் வந்தோம் என்பதற்கு எழுத்துச் சான்று கேட்டால் பெருநிலப்பரப்பில் எந்த ஊரும் தடுமாறும். குடும்ப வழியாக அது உண்மையாக இருக்கலாம். அதை "ஊரார் நம்பிக்கை" என்று மரியாதையோடு எழுதுங்கள், "வரலாறு" என்று எழுதாதீர்கள்.

அடுத்தது 1911. முகப்பில் உள்ள வருடம் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். அடிக்கல் நட்ட வருடமா, கூரை போட்டு முதல் பூசை வைத்ததா, ஆயர் வந்து அபிஷேகம் பண்ணியதா? மடுக் கோயிலையே எடுங்கள். ஆயர் பொன்ஜான் அடிக்கல் இட்டது 1872இல், அபிஷேகம் 1944இல். இடையில் 72 வருடம். வன்னிக் கோயில்கள் பொதுவாக நான்கு படியாக வளர்ந்தவை. முதலில் மரத்தடியில் ஒரு குருசு. பிறகு கிடுகு வேய்ந்த கொட்டில். பிறகு மண்சுவர். கடைசியாகக் கல்லும் சுண்ணாம்பும். கரையோரத்தில் அந்தக் கல் முருகைக்கல்லாக இருக்கும், உள்ளே போகப் போகச் செங்கல்லாகும். முகப்பில் எழுதுகிற வருடம் கடைசிப் படிக்கு உரியது, சில இடங்களில் பின்னால் முகப்பை மட்டும் இடித்துக் கட்டியதற்கு உரியது. பலிபீடத்தின் பின்சுவரையும் முகப்புச் சுவரையும் பக்கத்தில் நின்று பாருங்கள். கல் வேறு, சாந்து வேறு, சுவரின் தடிப்பு வேறு என்றால் இரண்டு காலத்து வேலை. சுவரின் தடிப்பை அளவுநாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். நீங்களாகச் சுரண்டி உதிர்க்க வேண்டாம்.

கோயிலின் பாதுகாவலரும் ஓரளவு காலத்தைச் சொல்வார். பலர் இதைக் கவனிப்பதில்லை. சவேரியார் புனிதர் பட்டம் பெற்றது 1622இல். ஆகவே சவேரியார் பெயரில் கோயில் இருப்பது அவர் காலத்துக்குச் சான்றல்ல, அவருக்கு நெடுங்காலம் பின்னால் எழுந்தது என்பதற்கே சான்று. லூர்து மாதா என்றால் காட்சி நடந்த 1858க்குப் பிறகு. திருஇருதய ஆண்டவர் என்றால் பெரும்பாலும் அந்தத் திருநாள் திருச்சபை முழுவதற்கும் பொதுவாக்கப்பட்ட 1856க்குப் பிறகு. பாத்திமா மாதா என்றால் 1917க்குப் பிறகு, குழந்தை இயேசுவின் திரேசாள் என்றால் 1925க்குப் பிறகு. யூசே வாஸ் பெயரில் பலிபீடம் இருந்தால் அவர் முத்திப்பேறு பட்டம் பெற்ற 1995க்குப் பிறகு. அந்தோனியார், செபஸ்தியார், சந்தியோகுமையோர், அன்னம்மாள், இராயப்பர் ஆகியோர் எந்தக் காலத்திலும் இருந்தவர்கள், அவர்களை வைத்துக் காலம் சொல்ல வராது. ஒரு எச்சரிக்கை: பாதுகாவலர் மாறுவதுண்டு. புதுக் கோயில் கட்டும்போது பழைய புனிதரைப் பக்கத்துப் பலிபீடத்துக்கு நகர்த்திவிடுவார்கள். பக்கப் பலிபீடத்தில் அல்லது சங்கீஸ்து அறை (பூசை உடுப்பும் பாத்திரமும் வைக்கும் அறை) மூலையில் நிற்கும் கறுத்துப்போன மரச்சுருவம் யாருடையது என்று வயதானவர்களைக் கேளுங்கள். ஊரின் முதல் பாதுகாவலர் அவராக இருக்கலாம்.

மணியில் வருடம் வார்த்திருந்தால் அது மணி வார்த்த வருடம், அவ்வளவே. பெரிய கோயில்கள் புது மணி எடுத்தபோது பழையதைச் சிறு கோயிலுக்குக் கொடுத்தன. எழுத்துத் தெரியாவிட்டால் மெல்லிய தாளை ஒட்டிப் பிடித்து மேலே கரித்துண்டைப் படுக்க வைத்துத் தேயுங்கள். மணியில் புடைத்து நிற்கும் எழுத்து கறுப்பாக எழும். சேமக்காலைக் (கல்லறைத் தோட்டக்) கல்லுக்கும் இதே முறை, அங்கே வெட்டிய எழுத்து வெள்ளையாக எழும். கல்லைச் சுத்தம் பண்ண அமிலமோ கம்பித் தூரிகையோ வேண்டாம். வெறும் தண்ணீர் தெளித்து, மாலை நாலரை மணிக்கு மேல் சாய்வெயிலில் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டித் தெரியும். எழுத்து வெட்டிய கல் வைக்க வசதி இருந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். மற்றவர்களுக்கு மரக்குருசுதான், அது சில மாரியில் கறையானுக்குப் போய்விடும். ஆகவே சேமக்காலையின் மிகப் பழைய கல்லை ஊரின் வயதாக எடுக்க முடியாது. ஊர் அதைவிட இளையது அல்ல என்று மட்டும் சொல்லலாம்.

இனிப் பதிவேடு. உங்கள் முழு ஆய்வும் இதில்தான் தங்கியிருக்கிறது, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். "பதிவேடு போய்விட்டது" என்று நீங்கள் சொல்வது உங்கள் கோயில் அலுமாரியில் இருந்த ஏட்டை. சிறு ஊர்கள் நெடுங்காலம் கிளைக்கோயில்களாகவே இருந்தன. குரு வருடத்தில் சில தடவை வருவார், ஞானஸ்நானத்தையும் மெய்விவாகத்தையும் தாய்ப்பங்கின் ஏட்டில் எழுதுவார். எனவே முதலில் உங்கள் ஊர் தனிப்பங்கானது எப்போது, அதற்கு முந்தி எந்தப் பங்கின் கீழ் இருந்தது என்று கண்டுபிடியுங்கள். மன்னார் மறைமாவட்டம் 1981இல்தான் பிரிந்தது. அதற்கு முந்திய கடிதங்கள், அறிக்கைகள் யாழ்ப்பாண ஆயர் இல்லத்தைச் சேர்ந்தவை. முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்க ஊர்கள் இன்றும் யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்குள்ளேதான். 1847இல் வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் பலர் பிரெஞ்சுக்காரர். அவர்களுடைய நாட்குறிப்புகள் பிரெஞ்சிலும் இலத்தீனிலும் இருக்கும். 1862 முதல் அந்தச் சபை தன் மிஷன் கடிதங்களை இதழாகவும் அச்சிட்டது. மொழி தெரியாது என்று விட்டுவிட வேண்டாம். ஊர்ப்பெயரும் வருடமும் எந்த மொழியிலும் கண்ணுக்குத் தட்டுப்படும். அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து, மொழி தெரிந்த குருவிடம் கொடுத்தால் போதும்.

தாய்ப்பங்கின் ஏடும் இல்லையென்றால் பின்கதவு ஒன்று உண்டு. கோயிலில் விவாகம் முடிக்க வேண்டுமென்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் தங்கள் பங்கில் இருந்து ஞானஸ்நானப் பத்திரம் எடுத்துவர வேண்டும். அந்தப் பத்திரம் விவாகம் நடந்த பங்கின் கோவையில் தங்கிவிடும். உங்கள் ஊர்ப் பெண்கள் எந்தெந்த ஊருக்குக் கட்டிப் போனார்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அந்தப் பங்குகளில் விவாகக் கோவைகளைக் கேளுங்கள். அழிந்த ஏட்டின் துண்டுகள் அங்கே கிடக்கும். 1908இல் வந்த விதியின்படி, விவாகம் நடந்ததும் அதை ஞானஸ்நான ஏட்டில் அந்த ஆளின் பெயருக்கு நேரே ஓரத்தில் குறிக்கவும் வேண்டும். ஆகவே மற்ற ஊர் ஏடுகளின் ஓரக்குறிப்புகளில் உங்கள் ஊர்ப் பெயர் வரும். ஓரக்குறிப்பைப் பலர் படிப்பதே இல்லை. ஊருக்கு ஊர் கொண்ட சம்பந்தம், எந்தக் கரையில் இருந்து ஆட்கள் வந்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். புதிதாகக் குடிவந்த குடும்பம் முதற்பிள்ளைக்கு ஞானப்பெற்றோரைத் தன் பழைய ஊரில் இருந்து அழைக்கும், பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் புது ஊரில் இருந்து. அந்த மாற்றம் தெரியும் இடமே குடியேற்றத்தின் காலம். இது ஊகம்தான், ஆனால் ஐந்தாறு குடும்பங்களில் ஒரே பத்து வருடத்துக்குள் இப்படி வந்தால் நம்பிக்கையோடு எழுதலாம்.

ஏட்டைப் படிக்கும்போது அதிகம் பிழைக்கும் இடம் பெயர்கள். வீட்டில் சந்தியோகு, இலத்தீன் ஏட்டில் யாக்கோபுஸ், கச்சேரிப் (அரசாங்க அலுவலகப்) பிறப்புப் பத்திரத்தில் யாகப்பு: மூவரும் ஒரே ஆள். இராயப்புவும் பேதுருவும் ஒருவர், சவிரிமுத்துவும் சேவியரும் ஒருவர், அருளப்புவும் யோவானும் ஒருவர். தகப்பன் பெயரையும் தாயின் பெயரையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்காமல் எண்ணினால் ஒரு குடும்பம் இரண்டாகிவிடும், அல்லது இரண்டு சவிரிமுத்துக்கள் ஒருவராகிவிடுவார்கள்.

கோயிலுக்கு வெளியே உள்ள சான்றுகளையும் தேடுங்கள். அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் தொடங்குகிறது. 1911 குடிசன மதிப்பில் ஊர்வாரியான தொகுதி இருக்கிறது. அதில் உங்கள் ஊர் தனிப்பெயரோடு வந்தால் "1911க்கு முந்தி காடு" என்ற பேச்சு அடிபட்டுப் போகும். கோயில் கட்டுகிற அளவுக்கு ஆட்கள் ஒரே வருடத்தில் காட்டுக்குள் வந்துவிட மாட்டார்கள். வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட கைநூலில் முல்லைத்தீவு, வவுனியாப் பக்க ஊர்கள் விரிவாக வரும். உங்கள் ஊர் அந்த எல்லையை அண்டி இருந்தால் பாருங்கள். காணிப் பத்திரம் இன்னும் நேரடியானது. ஊரில் பத்து வீட்டுக் காணிப் பத்திரங்களை வாங்கிப் பாருங்கள். பழைய உறுதி (சொந்தக் காணிக்கான பத்திரம்) வைத்திருப்பவர்கள் ஒரு பகுதியிலும், அரசாங்கக் காணிக்குப் பெர்மிட் வைத்திருப்பவர்கள் இன்னொரு பகுதியிலும் இருப்பார்கள். காணி அபிவிருத்திச் சட்டம் 1935இல் வந்தது, ஆகவே பெர்மிட் காணி எல்லாம் அதற்குப் பிந்தியது. இப்படி ஊரின் பழைய நடுவும் பின்னால் விரிந்த ஓரமும் ஒரு படத்தாளில் தாமாகப் பிரிந்துவிடும். அந்த ஓரத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதும் முக்கியம். யாழ்ப்பாணத்தில் இருந்து காணிக்கு வந்தவர்கள், 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்தும் தெற்கில் இருந்தும் வந்தவர்கள், தீவில் இருந்து கட்டிவந்தவர்கள். மலரில் "பூர்வீகக் குடிகள்" பற்றி மட்டும் எழுதிவிட்டு இவர்களை விட்டுவிடுகிற வழக்கம் இருக்கிறது. அது நியாயமும் இல்லை, சரியான வரலாறும் இல்லை. ஐம்பது வருடமாகத் திருவிழாவில் சுருவக் கூடு தூக்கியவர்கள் அவர்கள்.

குளத்தையும் மறக்க வேண்டாம். மன்னார்ப் பெருநிலப்பரப்பின் பெரிய குளமான கட்டுக்கரைக்குளத்தை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் திருத்தினார்கள். அதன் கீழ் வயல் பெருகியது, விதைத்தவர் கையில் காசு வந்தது. உங்கள் குளம் அந்த வாய்க்காலில் நீர் பெறுவதாக இருந்தால், கொட்டிலாக இருந்த கோயில் 1911இல் கற்கோயிலானது அதன் பலனாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. ஊர் அதற்கு முந்தியே இருந்தது, வசதி அப்போதுதான் வந்தது என்ற இந்த வரிசை நீங்கள் சொன்ன மற்ற விபரங்களோடும் பொருந்துகிறது. ஆனால் பதிவைப் பார்க்காமல் இதைத் தீர்மானமாகச் சொல்லக்கூடாது. நீங்களும் அப்படி அச்சிட வேண்டாம்.

வயதானவர்களிடம் கேட்கும்போது "எந்த வருடம்?" என்று கேட்டால் ஒரு எண் வரும், அந்த எண் பெரும்பாலும் பிழைக்கும். வருடத்தை விட்டு நிகழ்ச்சியோடு கட்டிக் கேளுங்கள். 1964 டிசம்பர்ப் புயலுக்கு முந்தியா பிந்தியா? அப்போது நீங்கள் பள்ளிக்கூடம் போனீர்களா? முதல் நன்மை (முதல் நற்கருணை) எடுத்தாயிற்றா? தகப்பன் சொன்னதா, நேரே கண்டதா என்பதை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறியுங்கள். தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914இல். "ரயில் வர முந்தி மாட்டுவண்டியில் மடுவுக்குப் போனது" என்று பேரன் சொன்னால் அது பேரனின் நினைவு அல்ல, பாட்டனின் நினைவு. ஒரே கதையை மூன்று வீட்டில் தனித்தனியே கேளுங்கள். மூப்பர் (கோயில் காரியம் பார்க்கும் ஊர்ப் பெரியவர்) வீட்டுக் கதை மட்டும் மலரில் ஏறிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அதுவே ஊர்க்கதை ஆகிவிடும். ஆண்கள் கோயில் கட்டியதைச் சொல்வார்கள். யார் எங்கிருந்து கட்டிவந்தார், எந்தக் குடும்பத்தோடு பேச்சு நின்றது என்பதெல்லாம் பெண்களிடம்தான் சரியாக இருக்கும்.

கூத்தும் திருவிழாவும் வரலாறா என்றால், ஆம், மிக நல்ல சான்று. திருவிழாவில் கொடியேற்றம், நவநாள், வேஸ்பர் (திருநாளுக்கு முதல் நாள் மாலை வழிபாடு), திருநாள் பூசை, கூட்டுப்பவனி என்ற ஒழுங்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான், அதை நான்கு வரியில் முடித்துவிடுங்கள். எழுத வேண்டியது உங்கள் ஊருக்கே உரிய உபய ஒழுங்கு. எந்த நாள் யாருடையது, எந்த வட்டாரம் எந்தச் சங்கம், கூட்டின் முன்காலை யார் பிடிப்பது, கொடிச்சீலை யார் வீட்டில் இருந்து வரும். ஒன்பது நாளையும் ஒன்பது வரியாக எழுதி, ஒவ்வொன்றும் எப்போதிருந்து என்று கேளுங்கள். ஒரு குடும்பம் நாளை இழந்தது, புதிதாக ஒரு பகுதியாருக்கு நாள் கிடைத்தது என்று வரும்போது அதன் பின்னால் ஒரு குடியேற்றமோ ஒரு வழக்கோ ஒரு சமாதானமோ இருக்கும். சாதி பற்றிய பேச்சும் இங்கேதான் எழும். அதை மறைக்கவும் வேண்டாம், யாரையும் குத்தவும் வேண்டாம். முன்பு எந்த வழக்கம் இருந்தது, எப்போது நின்றது என்று மட்டும் எழுதுங்கள்.

தபசுகாலம் (உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய நோன்புக்காலம்) தனிக் கவனம் வேண்டியது. வெள்ளிக்கிழமைகளில் வீடுகளிலும் கோயிலிலும் படிக்கும் பசானும் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாட்டும்), யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளாரின் பெயரோடு வழங்கும் வியாகுலப் பிரசங்கமும் 18ஆம் நூற்றாண்டில் வேர் உள்ளவை. அவர் 1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் இறந்தவர். சொல் அச்சில் கிடைக்கும், இராகம் கிடைக்காது. அதை உங்கள் ஊர்ப் பெண்கள் எப்படி இழுத்துப் படிக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்யாவிட்டால் அது அவர்களோடு போய்விடும். பேசாலையின் உடக்குப் பாஸ் (பொம்மை உருவங்களைக் கொண்டு நடத்தும் பாடுகளின் காட்சி) போல ஊருக்கே உரிய பெரிய வெள்ளி வழக்கம் எதுவும் முன்பு இருந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள்.

நாட்டுக்கூத்துக்கு அண்ணாவியாரின் (கூத்துப் பழக்குபவரின்) கொப்பிதான் மூலம். கொப்பியின் முதற் பாட்டையும் கடைசி மங்களத்தையும் முதலில் படியுங்கள். பாடிய புலவர் பெயர், ஊர், எழுதுவித்தவர், படியெடுத்த வருடம் இந்த இரண்டு இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். படியெடுத்த வருடம் இயற்றிய வருடம் அல்ல. கூத்தின் பாணி மாதோட்டப் பாங்கா, யாழ்ப்பாணப் பாங்கா, அல்லது சுருக்கமான வாசாப்பா என்பதை அண்ணாவியாரே சொல்லட்டும். பாங்கு எங்கிருந்து வந்ததோ அங்கே உங்கள் ஊருக்குப் பழைய தொடுப்பு இருக்கும். எழுத்துப் பிழை என்று கொப்பியைத் திருத்தாதீர்கள். அது பிழையாக இல்லாமல் தாளத்துக்காக நீட்டியதாக இருக்கலாம். ஒலிப்பதிவில் எல்லோரும் விடுகிற தவறு, மேடைக்கு முன்னால் கைபேசியை வைத்து முழு ஆட்டத்தையும் பிடிப்பது. மத்தளம் பாட்டை மூடிவிடும். இரண்டு தடவை பதியுங்கள். ஒரு தடவை அண்ணாவியாரும் ஒரு தாளமும் மட்டும், வீட்டுக்குள், விசிறியை நிறுத்திவிட்டு. இன்னொரு தடவை வெள்ளுடுப்பு ஒத்திகை நாளிலோ அரங்கேற்றத்திலோ முழுக் கூட்டத்தோடு. முதலாவதை வைத்துச் சொல்லை எழுதலாம், இரண்டாவதை வைத்து ஆட்டத்தை அறியலாம்.

இடப்பெயர்வை ஒரு பந்தியில் முடித்துவிடாதீர்கள். அதுவும் ஊரின் வரலாறுதான். வீட்டுக்கு வீடு போய், எந்த மாதம் எங்கே போனார்கள், எத்தனை இடம் மாறினார்கள், எப்போது திரும்பினார்கள் என்று அட்டவணை போடுங்கள். கோயில் சுருவம் எந்த வழியாகப் போனது என்று தனியாக எழுதுங்கள். 1999 நவம்பரில் மடுவில் தஞ்சமிருந்தவர்கள் மேல் எறிகணை விழுந்து ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் மடு மாதாவின் சுருவத்தைக் குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோய், அந்த ஓகஸ்ட் மாதம் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரணைதீவு மக்கள் 1992இல் இடம்பெயர்ந்து இரணைமாதாநகரில் இருந்து, 2018 ஏப்ரலில் வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டித் தீவில் போய் இறங்கினார்கள். முள்ளிக்குளத்தார் 2007இல் வெளியேறியவர்கள், கடற்படை பிடித்து வைத்திருந்த ஊருக்காகப் பத்து வருடத்துக்குப் பிறகும் போராட வேண்டியிருந்தது. உங்கள் ஊரின் நாட்களை இப்படியான தெரிந்த நாட்களோடு பொருத்தினால் நினைவு சறுக்குகிற இடம் தெரியும். 1990இல் உங்கள் அயலில் இருந்த முஸ்லிம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டிருந்தால் அதையும் எழுதுங்கள், அவர்களையும் கேளுங்கள். உங்கள் கோயில் கட்டச் சுண்ணாம்பு ஏற்றிய வண்டிக்காரர் யார் என்பது அவர்கள் வீட்டில் நினைவிருக்கலாம்.

இறந்தவர், காணாமல் போனவர் பெயர்களை அச்சிட முன் ஒவ்வொரு குடும்பத்திடமும் தனித்தனியே சம்மதம் கேளுங்கள். கூட்டத்தில் வைத்துக் கேட்டால் மறுக்க நினைப்பவரும் தலையாட்டிவிடுவார். பெயரும் பிறந்த வருடமும் போதும். எப்படி இறந்தார் என்பதைக் குடும்பம் விரும்பினால் மட்டும் சேர்க்கலாம். காணாமல் போன பிள்ளையை "இறந்தவர்" வரிசையில் போட்டுவிட்டால் அந்தத் தாய்க்கு அதைவிடக் கொடுமை இல்லை. அவர்களுக்குத் தனிப் பக்கம் வையுங்கள்.

எழுதும்போது மூன்று முடிவுச்சொற்களைக் கண்டிப்பாகப் பிரித்து வையுங்கள். ஏட்டிலோ கல்லிலோ பத்திரத்திலோ இருந்தால் "என்று பதிவு உள்ளது". ஒன்றுக்கு மேற்பட்ட வீட்டில் கேட்டது என்றால் "என்று ஊரார் சொல்கிறார்கள்". நீங்கள் இணைத்துப் பார்த்துக் கண்டது என்றால் "என்று கருதலாம்". இந்த ஒழுங்கு இருந்தால் இரண்டு பகுதியாரும் ஒரே மலரில் இடம்பெறலாம், யாரும் மற்றவரைப் பொய்யர் என்று சொல்ல வேண்டி வராது. மாந்தையில் உள்ள திருக்கேதீச்சரச் சிவன் கோயிலின் அயலில் இருக்கும் ஊர் என்றால் இன்னும் கவனம் தேவை. மாந்தை நமக்கும் பழையது, சைவருக்கும் பழையது. போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்தார்கள் என்ற நினைவு சைவ வீடுகளில் இன்றும் ஆறவில்லை. கத்தோலிக்க ஊர் மலரில் அதை ஒரு வரியில் ஒப்புக்கொள்வது அயலாருக்குச் செய்யும் மரியாதை.

வேலையை மூப்பரிடமும் பழைய செயலாளர்மாரிடமும் உள்ள கணக்குக் கொப்பிகளில் தொடங்குங்கள். திருவிழாச் செலவு, உபயகாரர் பெயர், கூத்துக்கு உடுப்பு வாடகைக்கு எடுத்த காசு எல்லாம் அவற்றில்தான் இருக்கும். யாரும் அவற்றைப் பதிவேடு என்று எண்ணாததால் மாரியில் நனைந்து போகின்றன. கொப்பியை மேசையில் விரித்து, யன்னல் வெளிச்சத்தில், மின்னொளி போடாமல், நேர்மேலே இருந்து பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். வெற்றுப்பக்கத்தையும் அட்டையையும் விட வேண்டாம். முதற் படத்தில் யாருடைய கொப்பி, எந்த நாளில் எடுத்தது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்து எடுங்கள். கொப்பியை அன்றைக்கே வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த வீடு திறக்கும். படங்களின் ஒரு பிரதி பங்கில், ஒரு பிரதி ஊருக்கு வெளியே, ஒரு பிரதி நூலகம் எண்ணிம நூலகத்தில் இருக்கட்டும். மலர் அச்சானதும் அதிலும் ஒன்றை அங்கே கொடுங்கள். இன்னொன்று ஆயர் இல்லத்துக்கு.